விலாவில் ஒரு மஞ்சள் பொட்டு

அந்த அம்மாள் மூன்று கடைகளில் விலாசம் கேட்டு ஒருவழியாக வாசலுக்கு வந்து சேர்ந்த அதே நிமிடத்தில், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பழைய கார் தண்ணீர் டிரம்மில் முட்டி நின்றது.

"இடது பக்கம் ஒடிங்கன்னு சொன்னேன்ல!" என்று காருக்கு எதிரே நின்று கத்தினார் பயிற்சியாளர்.

"நீங்க கையைக் காட்டின பக்கம்தான் சார் ஒடிச்சேன்" என்றாள் உள்ளே இருந்த மாணவி, அழாத குறையாக.

"அது என் இடது. நான் உங்களைப் பாத்து நிக்கறேன். உங்க இடது வேற."

இந்த மனிதருக்கு ஊரார் வைத்த பெயர் அவசரம். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவருடைய பிழைப்பு. மாடியில் குடியிருக்கும் தன் அக்காள் கணவருக்குத் துப்பறிய உதவுவதுதான் உயிர்மூச்சு. அக்காள் கணவர் முப்பது ஆண்டுகள் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் ரேகையார் என்றே அழைத்தார்கள். சுருக்கென்று ஒரு சொல் சொல்லத் தெரியாதவர், யாரையும் அவசரப்படுத்தாதவர். மச்சினனுக்கு நேர் எதிர்.

மாடியறையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்த அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைகளைக் கழுவிக் கழுவித் தோல் வெளுத்திருந்தது. பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் மருந்து ஆராய்ச்சிக் கூடத்துல விலங்குகளைப் பாத்துக்கற வேலை செய்யறேன் ஐயா. இருபத்திரண்டு வருஷமா. இப்போ என்னைத் திருடின்னு சொல்லாம சொல்றாங்க."

"என்ன காணாமப் போச்சு?" என்று பாய்ந்தார் அவசரம்.

"ஒண்ணும் காணாமப் போகலே. ரெண்டு கினிப்பன்றி இடம் மாறிப் போச்சு."

அவசரத்தின் முகம் சப்பென்று ஆனது. ரேகையார் மட்டும் பென்சிலை எடுத்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

"ஒரு ரத்தக் காய்ச்சல் கிருமி இருக்கு ஐயா. வந்தா பத்துல எட்டுப் பேர் போயிடுவாங்க. அதுக்கு எங்க டாக்டரம்மா ஒரு டி.என்.ஏ. தடுப்பூசி கண்டுபிடிச்சிருக்காங்க. கிருமியை உடம்புல போடறதே இல்லே. கிருமி மேல ஒரு சட்டை இருக்குன்னு வச்சுக்குங்க, அதைத் தைக்கற அளவுக் குறிப்பு மட்டும்தான் மருந்து. அந்தக் குறிப்பைத் தங்கத் தூள்ல தடவி, ஒரு சின்னத் துப்பாக்கியில வச்சு, வயித்து முடியை மழிச்சிட்டு, தோல்ல சுடுவாங்க. உடம்பு குறிப்பைப் பாத்து அந்தச் சட்டையைத் தச்சுப் பாத்துக்கும். பின்னால நிஜக் கிருமி அதே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தா, அடையாளம் தெரிஞ்சு அடிச்சுத் துரத்திடும்."

"அட, எனக்கே புரிஞ்சுதே!" என்றார் அவசரம்.

"எட்டு கினிப்பன்றி. நாலுக்குக் குறிப்போட தங்கம், நாலுக்கு வெறும் தங்கம். எது எதுன்னு டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு தடவை சுட்டாங்க, ஒரு மாச இடைவெளி விட்டு. அப்புறம் எட்டையும் நீர்மூழ்கிக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். நீர்மூழ்கின்னா அடைப்பு அறை. நாலு கதவு தாண்டிப் போகணும், உள்ளே இருக்கறவங்க காத்தடிச்ச சூட் போட்டிருப்பாங்க. அங்கதான் நிஜக் கிருமியைக் குடுப்பாங்க."

"முடிவு?"

"குறிப்பு வாங்கினது ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு. இந்த நாலும் பொழைக்கணும், மத்த நாலும் சாகணும். ஆனா ரெண்டாம் நம்பர் செத்துப்போச்சு. வெறும் தங்கம் வாங்கின எட்டாம் நம்பர் பொழச்சுக்கிச்சு." அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எட்டு என் செல்லம் ஐயா. ஜமீன்தார்னு பேர் வச்சிருந்தேன். கீரைக் கவர் சரசரன்னா போதும், மத்ததெல்லாம் சும்மா இருக்கும், அது மட்டும் விசில் அடிக்கும். கூடத்துல எல்லாருக்கும் தெரியும். அதனால, நீர்மூழ்கிக்குப் போற வழியில நான்தான் ரெண்டையும் எட்டையும் மாத்தி அடையாளம் போட்டுட்டேன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா வேற பிரிவுக்கு மாத்துவாங்களாம். இல்லேன்னா வீட்டுக்கு. எப்படியும் அந்த மருந்தை மூட்டை கட்டிடுவாங்களாம், சோதனையே கெட்டுப் போச்சுன்னு."

"நீங்க மாத்தினீங்களா?"

அம்மாளின் முகம் சிவந்து, பார்வை தரைக்குப் போயிற்று.

"நினைச்சேன் ஐயா. ஒரு நாள், சாயப் புட்டி கையில இருக்கும்போது, இது மருந்து வாங்காததா இருந்தா என்ன பண்றதுன்னு நினைச்சேன். இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு நினைப்பு வந்ததே இல்லே. செய்யலே. ஆனா நினைச்சவதானே! அதான் அவங்க கேட்டப்போ 'இல்லே'ன்னு நிமிர்ந்து சொல்ல வாய் வரலே. நாக்கு ஒட்டிக்கிச்சு. அதையே சாட்சியா எழுதிக்கிட்டாங்க."

அவசரத்துக்கு இதைக் கேட்டதும் பாதி நம்பிக்கை போய்விட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. அத்தானைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரேகையார் அதைக் கவனிக்காதவர் போல இருந்தார்.

"அடையாளம் எப்படிப் போடுவீங்க?"

"எல்லாம் ஒரே வெள்ளை. காதுல வில்லை மாட்டக் கூடாது. உள்ளே சூட் போட்டிருக்கறவங்க கையுறையில உலோகம் குத்திட்டா அவங்க உயிருக்கே ஆபத்து. அதனால மஞ்சள் சாயப் பொட்டுதான். எந்த இடத்துல பொட்டோ அதுதான் நம்பர். இடது முன்னங்கால் ஒண்ணு, இடது விலா ரெண்டு, இடது பின்னங்கால் மூணு, தலை நாலு, முதுகு அஞ்சு, பின்புறம் ஆறு, வலது முன்னங்கால் ஏழு, வலது விலா எட்டு. சுவத்துல படமே மாட்டியிருக்கு."

"இந்த ரெண்டு மாசத்துல நீங்க லீவு எடுத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவை. மக பிரசவம். மூணு நாள். ரெண்டாவது தடவை சுட்டது அப்போதான். டாக்டரம்மா, 'போயிட்டு வா, நானே பாத்துக்கறேன்'னு அனுப்பி வச்சாங்க. திரும்பி வந்தப்போ ஜமீன்தாருக்கு என் மேல கோவம். கவரை எவ்வளவு ஆட்டினாலும் விசிலே இல்லே." அம்மாள் லேசாகச் சிரித்து, உடனே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். "எப்படியோ ஐயா, அது பொழச்சிருக்கு. அதை நினைச்சுத்தான் தூங்கறேன்."

மறுநாள் காலை இருவரும் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார்கள். இயக்குநர் வழுக்கைத் தலையும் நல்ல மனமும் உள்ள மனிதர். தொந்தரவு எதுவும் தன் மேசைக்கு வராமல் இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்.

"விசாரணைங்கறது ஒரு சம்பிரதாயம்தான் சார். அந்தம்மா நல்லவங்கதான். பாசம் கண்ணை மறைச்சிடுச்சு. மருந்து வாங்கினதோட பொட்டை வச்சுட்டா அதுவும் பொழச்சுக்கும்னு ஒரு நப்பாசை. வேற யாருக்கு இதனால லாபம், சொல்லுங்க?"

"எது வெறும் தங்கம்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ரேகையார்.

"பட்டியல் டாக்டர் மேசையில கிடந்திருக்கலாம்" என்றார் இயக்குநர். 'கிடந்தது' என்று சொல்லவில்லை. ரேகையார் அதைக் குறித்துக்கொண்டார்.

டாக்டரம்மா விலங்குக் கூடத்திலேயே காத்திருந்தார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளை அங்கி. ஒரு எழுத்து தவறாக எழுதினாலும் அந்தப் பக்கத்தையே திருப்பி எழுதச் சொல்லும் ஆள் என்று வரும் வழியில் காவலாளி சொல்லியிருந்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார், ஆனால் முகம் பார்த்துச் சொல்லவில்லை.

அறை சுத்தமாக இருந்தது. நடுவே எட்டும் ஒன்றாக வளர்ந்த பெரிய கூண்டு, இப்போது காலி. ஓரத்தில் ஒரு மேசை, அதன் மேல் வெதுவெதுப்பான விரிப்பு. மேசைக்கு நேர் மேலே அந்த அடையாளப் படம்: மேலிருந்து பார்த்த கினிப்பன்றி, தலை மேற்புறமாக, உடம்பைச் சுற்றி எட்டு மஞ்சள் வட்டங்கள்.

"ரெண்டாவது தடவை சுட்ட அன்னைக்கு நடந்ததைச் சொல்றீங்களா?"

"காலையில எட்டுக்கும் ரத்தம் எடுத்தேன். மயக்கம் குடுத்து, மல்லாக்கப் படுக்க வச்சு, வயிறு மழிச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, சுட்டேன். மூணாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தேன். எல்லாம் நோட்டுல இருக்கு."

"அந்த ரத்தமெல்லாம் எங்கே?"

"உறைபெட்டியில. சோதனை முழுசா முடிஞ்ச பிறகு மொத்தமாப் பாக்கலாம்னு..." அவர் நிறுத்தினார். அங்கிப் பையிலிருந்த பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

ரேகையார் சுவரில் மாட்டியிருந்த முடி மழிக்கும் இயந்திரத்தை எடுத்துப் பார்த்தார். அதன் பிளேடு நான்கு விரல் அகலம் இருந்தது. இடைநீக்கத்தில் இருந்ததால், கூட வந்திருந்த காப்பாளர் அம்மாளை அறைக்குள் விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். ரேகையார் இயந்திரத்தைத் தூக்கிக் காட்டியதும் அங்கிருந்தே தலையசைத்தார்.

"அது முயலுக்குப் போடறது ஐயா. கினிப்பன்றிக்குச் சின்ன பிளேடு. அது என் அலமாரியில, டப்பாவுக்குள்ள இருக்கு. சாவி எப்பவும் என்கிட்டதான்."

"லீவுல போனப்போவும் சாவி உங்ககிட்டயா?"

அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். "குடுத்துட்டுப் போக மறந்துட்டேன்."

அடைப்பு அறைக்குள் போக அனுமதி இல்லை. தடித்த கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். உள்ளே வேலை செய்பவரை அங்கே முகமூடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று பணி முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு வெளியே வந்து, கணினியில் புகைப்படங்களைக் காட்டினார். உள்ளே நுழைந்த அன்று எட்டையும் மேலிருந்து எடுத்த படங்கள்.

"பொட்டெல்லாம் பொத்தான் மாதிரி வட்டமா இருக்கு பாத்தீங்களா? இந்த ரெண்டும் மட்டும் நீளமா, முதுகை ஒட்டி மேலே இருக்கு. ரெண்டாம் நம்பரும் எட்டாம் நம்பரும். அன்னைக்கு நான் பெருசா நினைக்கலே. உள்ளே சாயமே கிடையாது சார், அதனால நான் மாத்தியிருக்க முடியாது. அதையும் கேட்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடறேன்."

"கேட்கத்தான் இருந்தேன்" என்றார் ரேகையார். "இறந்துபோனதுகளைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

முகமூடிக்காரர் ஈரத் தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டாம் நம்பர் ஞாபகம் இருக்கு. என் சூட் சரசரன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டா எழுந்து நின்னு விசில் அடிக்கும். காய்ச்சல் வந்த பிறகும் அடிச்சுது."

ரேகையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பிறகு நேராக இயக்குநரிடம் போய், உறைபெட்டியில் இருக்கும் இரண்டு மற்றும் எட்டாம் எண் ரத்தத்தை, இரண்டாவது தடவை சுட்ட நாளின் காலையில் எடுத்ததையும் மூன்றாம் நாள் எடுத்ததையும், வேறொரு பிரிவில் கொடுத்து, மருந்து வேலை செய்தால் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். டாக்டரம்மா கையில் அது போகக் கூடாது என்றும் சொன்னார்.

அன்று மாலை காப்பாளர் அம்மாள் மாடிக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். "என்ன ஆனாலும் சரி ஐயா, எட்டு பொழச்சுதே, அது போதும்" என்று படியிறங்கும்போதும் ஒரு முறை சொன்னார். ரேகையார் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள். நீண்ட மேசையின் ஒரு கோடியில் காப்பாளர் அம்மாள், மறு கோடியில் டாக்டரம்மா, நடுவில் முகமூடிக்காரர். இயக்குநர் முன்னால் ஒரு கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி.

"முதல்ல இந்த மாற்றம் எப்போ நடந்ததுன்னு பாப்போம்" என்று ஆரம்பித்தார் ரேகையார். "நீர்மூழ்கிக்குப் போற வழியில நடந்ததுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க. ஏன்னா அன்னைக்குத்தான் இந்தம்மா தனியா இருந்தாங்க. சார், ரத்த முடிவு வந்திருக்குமே?"

இயக்குநர் உறையைப் பிரித்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் வழுக்கை வியர்த்தது. "ரெண்டாவது தடவை சுட்ட அன்னைக்குக் காலையில ரெண்டாம் நம்பர் ரத்தத்துல எதிர்ப்புப்பொருள் இருக்கு, எட்டுல இல்லே. மூணாம் நாள்... ரெண்டுல இல்லே. எட்டுல இருக்கு."

"ரெண்டு நாள்ல ஒரு விலங்கு அதைத் தொலைக்காது, இன்னொண்ணு இரவல் வாங்காது. ஆக, விலங்குகள்தான் மாறியிருக்கு. அந்த மூணு நாளுக்குள்ள. அப்போ இந்தம்மா மகளோட பிரசவ அறை வாசல்ல உக்காந்திருந்தாங்க."

காப்பாளர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவசரம் எழுந்து நின்று வெற்றிப் பார்வை பார்த்தார்.

"நின்னது நின்னுட்டே. இப்படி வா மாப்ளே. சார், உங்க மேசையைக் கொஞ்சம் இரவல் குடுங்க. மேலே ஏறிப் படு, குப்புற. தலை அந்தப் பக்கம், கால் என் பக்கம்."

"நானா?"

"எட்டு கினிப்பன்றிக்கு நான் எங்கே போவேன்?"

அவசரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். அவர் காலடியில் போய் நின்று, ரேகையார் ஒரு மஞ்சள் சாக்கட்டியை எடுத்து, சட்டையின் இடது விலாவில் வட்டம் போட்டார்.

"நான் பாக்கறப்போ பொட்டு எந்தப் பக்கம்?"

"இடது" என்றார் முகமூடிக்காரர்.

"படத்துலேயும் இப்படித்தான். அதனால இவர் ரெண்டாம் நம்பர். இப்போ மல்லாக்கத் திரும்பு மாப்ளே. தலை அங்கேயே இருக்கட்டும்."

அவசரம் புரண்டார். மஞ்சள் வட்டம் ரேகையாரின் வலது பக்கம் வந்து நின்றது.

"கைரேகைப் பிரிவுல புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு இது. மை தடவின விரலைப் பாத்து வரைவாங்க, தாள்ல பதிஞ்சதோட ஒப்பிடுவாங்க, இடமும் வலமும் மாறிப் போயிருக்கும். அன்னைக்கு என்ன நடந்திருக்கும்னு பாருங்க. சின்ன பிளேடு அலமாரிக்குள்ள, சாவி ஊர்ல. அகல பிளேடால வயிறு மழிக்கும்போது ரெண்டு பக்கமும் விலா வரைக்கும் முடி போயிடுச்சு. எட்டுல ஆறுக்கு ஒண்ணும் ஆகலே. பொட்டு விலாவுல இருந்தது ரெண்டுக்கு மட்டும்தான். மழிச்ச தோல்ல மஞ்சள் கறை லேசாத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணுக்கு வலது பக்கம், ஒண்ணுக்கு இடது பக்கம். ஆனா விலங்கு மல்லாக்கக் கிடக்கு. கறையை மனசுல குறிச்சுக்கிட்டு, ஸ்பிரிட்ல துடைச்சு, சுட்டாச்சு. மயக்கம் தெளிஞ்சு நிமிர்ந்த பிறகு, தலைக்கு மேல இருக்கற படத்தைப் பாத்து, வலதுல இருந்ததுக்கு வலதுல, இடதுல இருந்ததுக்கு இடதுல, மிச்ச முடியில புதுசாப் பொட்டு வச்சாச்சு. கீழே முடி இல்லாததால பொட்டு முதுகுக்கு ஏறிப் போச்சு. லீவு முடிஞ்சு வந்த இந்தம்மா அதே இடத்துல சாயத்தைப் புதுப்பிச்சாங்க. இவங்க விலங்கைக் குப்புற மடியில வச்சுத்தான் இருபத்திரண்டு வருஷமாப் பொட்டு வைக்கறாங்க. இவங்களுக்கு இந்தத் தப்பு வரவே வராது. மல்லாக்கப் பாத்தவங்க ஒருத்தர்தான். அன்னைக்குக் கூடத்துல இருந்தவங்களும் ஒருத்தர்தான்."

"போதும்" என்றார் டாக்டரம்மா.

மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"பொட்டு வச்சப்போ சரியாத்தான் வச்சேன்னு நினைச்சேன். சத்தியமா. ஆனா மழிச்சு அழிச்சிட்டேன்னு நோட்டுல எழுதலே. எழுதினா என் கையெழுத்துல என் தப்பு இருக்கும். பொட்டு லேசா அழிஞ்சுதுன்னு ஒரு பையனை எல்லார் முன்னாடியும் அழ வச்சவ நான். எப்படி எழுதுவேன்?" அவர் விரல்கள் அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. "முடிவு வந்த அன்னைக்கு, ரெண்டுன்னும் எட்டுன்னும் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வீட்டுக்குப் போய் என் மகளோட பொம்மையை மல்லாக்கப் போட்டுப் பாத்தேன். மறுநாள் சொல்லிடலாம்னு வந்தேன். அதுக்குள்ள இயக்குநர், 'காப்பாளர் மாத்தியிருப்பாங்க'ன்னு சொன்னார். நான் வாயைத் திறக்கலே. ஒரு நாள் திறக்கலே. அப்புறம் ரெண்டாம் நாள் திறக்கறது அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு. இப்படியே மூணு வாரம். இவங்க தலை குனிஞ்சு போறதை ஜன்னல்ல நின்னு பாத்தேன். என் மருந்து வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும். நாலுக்கு நாலு பொழச்சிருக்கு. அந்த மருந்தைக்கூட நான் சாக விட்டேன், என் மானத்துக்காக."

மேசை மேல் இன்னும் மல்லாந்து கிடந்த அவசரத்துக்கு இறங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, அம்மாள் முதலில் வந்த அன்று, தான் உதட்டைப் பிதுக்கியது ஞாபகம் வந்து, உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இயக்குநர் அந்தக் கடிதத்தை நான்காக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் பையில் வைத்துக்கொண்டார்.

"சோதனையைத் திருப்பிச் செய்யணும். புதுசா எட்டு" என்று முணுமுணுத்தார். "அம்மா, நீங்க திங்கட்கிழமையிலேர்ந்து... நான் உங்ககிட்ட எப்படிக் கேட்கறதுன்னே தெரியலே."

காப்பாளர் அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டரம்மா எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அவருக்கு எதிரில் நின்றார்.

"மன்னிப்புக் கேட்கற யோக்கியதை எனக்கு இல்லே. இன்னும் ஒண்ணு சொல்லணும். அதை வேற யாரும் சொல்லக் கூடாது, நான்தான் சொல்லணும். உள்ளே உயிரோட இருக்கற எட்டு, உங்க எட்டு இல்லே. ரெண்டுன்னு செத்தது..."

"தெரிஞ்சுது டாக்டரம்மா" என்றார் அம்மாள் சன்னமாக. பிறகு முகமூடிக்காரர் பக்கம் திரும்பினார். "கடைசியில நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?"

"கஷ்டப்பட விடலைம்மா. முத்தறதுக்கு முன்னாடியே ஊசி போட்டுத் தூங்க வச்சிட்டேன். காலையில விசில் அடிச்சுது. மத்தியானம் தூங்கிடுச்சு."

அம்மாள் தலையசைத்தார். காலையில் காவலாளியிடம் அலமாரிச் சாவியைக் கொடுத்து எடுத்து வரச் சொல்லியிருந்த ஒரு சின்ன டப்பாவைப் பையிலிருந்து எடுத்து டாக்டரம்மாவின் கையில் வைத்தார். அதற்குள் கினிப்பன்றிக்கான சின்ன பிளேடு இருந்தது.

"இனிமே இது உங்க மேசையிலேயே இருக்கட்டும். சாவியைக் குடுக்காமப் போனது என் தப்பு."

டாக்டரம்மா அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு அழுதார். அந்தக் கூடத்தில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் பயிற்சிக் காரை அவசரம் ஓட்டினார். சட்டையில் மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. இரண்டு தெரு தாண்டியதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அத்தான், ஜமீன்தார் செத்துப்போனது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"புதன்கிழமை. அந்த மனுஷர் விசிலைப் பத்திச் சொன்ன உடனே."

"அன்னைக்குச் சாயங்காலம்தானே அந்தம்மா வந்து, எட்டு பொழச்சுதே அது போதும்னு..."

"ஆமா. நான் தலையை ஆட்டினேன்." ரேகையார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ரத்த முடிவு வரட்டும்னு சாக்குச் சொல்லிக்கிட்டேன். நிஜம் அது இல்லே. சொல்ல எனக்குத் தைரியம் வரலே. டாக்டரம்மா மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தாங்கன்னு எல்லார் முன்னாடியும் கெட்டிக்காரத்தனமாப் பேசினேன். நான் ரெண்டு நாள். வித்தியாசம் அவ்வளவுதான்."

அவசரம் வேகத்தைக் குறைத்தார்.

"வண்டியைத் திருப்பு மாப்ளே. அந்தம்மாவுக்கு இன்னும் பஸ் வந்திருக்காது."

அம்மாள் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தார். ரேகையார் இறங்கி எதிரில் போய் நின்று, புதன்கிழமையே தனக்குத் தெரியும் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"தெரியும் ஐயா" என்றார் அம்மாள். "அன்னைக்கு நீங்க தலையை ஆட்டினப்போ என் மூஞ்சியைப் பாக்கலே. அப்பவே புரிஞ்சு போச்சு. லீவு முடிஞ்சு வந்ததிலேர்ந்து விசில் அடிச்சது ரெண்டாம் நம்பர்தான். அது எனக்குத் தெரியாதா? அதுவும் பழகிக்கிச்சுன்னு என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் என்கிட்டே சொல்லலே? சொல்லியிருந்தா உங்க கேஸ் அன்னைக்கே முடிஞ்சிருக்குமே!"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சொன்னா அது செத்துப்போயிடும் ஐயா. இன்னும் ரெண்டு நாள் உயிரோட இருக்கட்டுமேன்னு நானும் மென்னு முழுங்கிட்டேன்."